ஆமைக்காரியோட பிடி

ஆமைக்காரியை அக்குவேறா ஆணிவேறா கழட்டி மறுபடியும் பூட்டணும்னு தராசு சொன்னப்போ, அக்காவுக்குக் கண்ணு முன்னாடி வந்தது தம்பியோட கட்டைவிரல்தான்.

தராசுங்கறது ஆபீஸ்ல மேலாளருக்கு வெச்ச பட்டப்பேரு. அஞ்சு பேரு ஒரு பக்கம், அஞ்சு பேரு மறுபக்கம்னு ஃபோன்ல மோதிக்கிற ஆட்டம் அவங்க கம்பெனியோடது. அதுல ஒரு வீரன் மத்தவனை விட ரொம்ப ஓங்கிடக் கூடாது, ரொம்பச் சரிஞ்சிடவும் கூடாது. அதைப் பாத்துக்கறது அவரு பொறுப்பு. மனுஷன் நாற்காலியில சாயறதுக்கு முன்னாடி ரெண்டு கைப்பிடியும் ஒரே உசரமான்னு பாத்துட்டுத்தான் சாய்வாருன்னு முதுகுக்குப் பின்னாடி கிண்டல் பண்ணுவாங்க.

அக்காவோட வேலை அந்த வீரருங்களுக்குத் திறமை எழுதுறது. யாரு எதால அடிக்கணும், எவ்வளவு தூரம் பாயணும், அடி வாங்கினா எப்படித் தப்பிக்கணும், எல்லாம் அவ கை வழியாத்தான் போகும். அதுல ஆமைக்காரி அவ பெத்த பிள்ளை மாதிரி.

ஆமைக்காரி ஒரு ஒல்லிப் பொண்ணு. பனைமர உசரத்துக்கு ஒரு இரும்பு இயந்திரம், அதோட நெஞ்சுக்கூட்டுக்குள்ள உக்காந்து ஓட்டுவா. இயந்திரம் நடக்குறது ஆமை நடை. கம்பெனி வெச்ச வாயில நுழையாத பேரை ஒருத்தரும் சீந்தல, ஆடுறவங்களே ஆமைக்காரின்னு கூப்பிட்டு அதுவே நிலைச்சுப் போச்சு. அவகிட்ட இருக்கிற ஒரே சூரத்தனம் பிடி. திரையில விரலை அழுத்திப் பிடிச்சா இயந்திரத்தோட கை ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும். அது நேரா நிக்கிற அந்தச் சிமிட்டு நேரத்துல விரலை எடுக்கணும். சரியா எடுத்தா எதிராளி சுருண்டு விழுவான். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. கை காத்தை அடிக்கும், இயந்திரம் தடுமாறி நிக்கும், நாலு பேரு வந்து மொத்திட்டுப் போவாங்க.

அந்தப் பிடியை அவ சும்மா யோசிச்சு எழுதல. தம்பியைப் பாத்து எழுதினா. தம்பி துறைமுகத்துல கிரேன் ஓட்டுனவன். அந்தரத்துல கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்து, கீழ ஆடிக்கிட்டே வர்ற பெட்டியை அந்த ஆட்டம் அடங்குற நேரம் பாத்து, தூங்குற குழந்தையைக் கீழ விடுற மாதிரி இறக்குவான். துறைமுகத்துல அவனுக்குப் பேரு கொக்கி. ஆட்டத்துலயும் அதே பேருதான் வெச்சிருந்தான்.

"என்னம்மா, நம்ம ஆமைக்காரிக்குக் கொம்பு முளைச்சிருக்கு?" தராசு சுவத்துல கோடு கோடா ஒரு படத்தைக் காட்டினாரு. "தேமேன்னு கிடந்தவ. எடுக்குறவன் கம்மி, எடுக்குறவன் ஜெயிக்கிறதும் கம்மி. இப்போ போட்டின்னு வந்தா ரெண்டு பக்கமும் ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே, யாரும் எடுக்கக் கூடாதுன்னு முதல் வேலையா அவளைத்தான் தடை பண்றான். என்ன நடந்துச்சு?"

"பிடிதான் சார்"ன்னா நகம். நகம் ஆட்டத்தைச் சோதிச்சுப் பாக்குறவ. நீளநீளமா நகம் வளத்துக்கிட்டு திரையில டொக்கு டொக்குன்னு மரங்கொத்தி மாதிரி தட்டி ஆடுவா. "முன்னாடியெல்லாம் பிடி எனக்கு வரவே வராது. இப்போ தும்மிக்கிட்டே விரலை எடுத்தாலும் அடி விழுது."

"விரலை எடுக்குற நேரம் அகலமாயிருக்கு" தராசு அக்காவைப் பாத்தாரு. "அதுவும் ஒரே தடவையில இல்ல. ஒவ்வொரு அப்டேட்லயும் ஒரு நூல், ஒரு நூல்னு. யாரு பண்ணது?"

"நான்தான் சார்."

"ஏன்?"

"புதுசா ஆட வர்றவங்களுக்குக் கஷ்டமா இருக்கேன்னு."

"புதுசா வர்றவன் அவ பக்கமே போக மாட்டானேம்மா. வாள்காரனையும் வில்லுக்காரனையும் தானே எடுப்பான்." திட்டல அவரு. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். "ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, பிடியைப் பழையபடி இறுக்கு. இல்லையா, பிடியே வேண்டாம், தொட்டா தானா அடிக்கட்டும், அடியோட வேகத்தைக் குறை. நடுவுல இந்த வழவழா கொழகொழா ஆகாது. நீ எழுதினவ, நீயே முடிவு பண்ணு. அடுத்த அப்டேட்ல போயாகணும்."

அக்கா தலையாட்டிட்டு வந்து அவ மேசையில உக்காந்தா. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவளுக்கு, பூசணிக்காய் வெளிய தெரிஞ்சது பெருசா உறைக்கல. இனிமே அதை எங்க கொண்டு போய் வைக்கிறதுங்கறதுதான் பெரும்பாடா இருந்துச்சு.

விஷயம் இதுதான். போன வருஷம் தம்பி ஒரு பெட்டியைக் கோணலா இறக்கினான். யாருக்கும் அடி இல்ல. ஆனா கொக்கியாவது, கோணலாவதுன்னு துறைமுகமே மூக்கு மேல விரல் வெச்சுது. டாக்டர் பாத்துட்டு நரம்பு வியாதின்னாரு. கை கொஞ்சம் கொஞ்சமா சொன்ன பேச்சு கேக்காது, மருந்து அதை மெதுவாக்கும், நிறுத்தாதுன்னாரு. துறைமுகக் கம்பெனி அவனைக் கூண்டுலேர்ந்து இறக்கி வாசல்ல வண்டி நம்பர் பாக்குற இடத்துல உக்கார வெச்சுது.

தம்பி டாக்டரை நம்பல. டாக்டருக்குக் கிரேனைப் பத்தி என்ன தெரியும்? அவனுக்கு ஒரே அளவுகோல் ஆமைக்காரி. வேலை முடிஞ்சு வந்ததும் ஆடுவான். பிடி விழுந்தா கை நல்லா இருக்கு. விழலைன்னா அசதி. அப்படி ஒரு சாயங்காலம் பிடி வரிசையா தப்பி, ஃபோனைக் கட்டில்ல வீசிட்டு, சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டான். சாப்பிடக் கூப்பிட்டா வரல.

மறுநாள் அக்கா ஆபீஸ்ல அந்த நேரத்தை ஒரு நூல் அகலப்படுத்தினா. ஆயிரம் மாத்தத்துக்கு நடுவுல அது ஒண்ணு, ஒருத்தர் கண்ணுலயும் படல. அடுத்த வாரம் தம்பி சத்தம் போட்டுச் சிரிச்சான். "பாத்தியாக்கா? கை திரும்பி வருது! டாக்டரு மூஞ்சியில கொண்டு போய்க் காட்டணும்."

அந்தச் சிரிப்புக்காகத்தான் அடுத்த நூல். அதுக்கடுத்த நூல். கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான மாதிரி அவன் கை தேய, அது தேயத் தேய அக்கா பிடியை விரிச்சுக்கிட்டே வந்தா. அவன் கண்ணுக்குக் கை அப்படியே இருந்துச்சு. எவ்வளவு போயிருக்குன்னு உலகத்துலயே தெரிஞ்ச ஒரே ஆள் அவதான். நம்பரா தெரியும்.

முதல்ல அவ ரெண்டாவது வழியைத்தான் எடுத்தா. பிடியே வேண்டாம். விரலை வெச்சா போதும், இயந்திரம் தானா பாத்து அடிக்கும். கடைசி விரல் அசையுற வரைக்கும் தம்பி ஆடலாமே. எழுதி முடிச்சு நகத்துகிட்ட குடுத்தா.

நகம் ஒரு ஆட்டம் ஆடிட்டு வந்தா. "ஜெயிச்சிட்டேன்டி."

"அப்போ சரிதானே?"

"சரிதான். ஆனா நான் எதுக்கு நடுவுலன்னு தெரியல. பாதி ஆட்டத்துல ஒரு நகத்துக்குச் சாயம் பூசிக்கிட்டேன்." விரலை ஊதிக் காட்டினா. "கோவிச்சுக்காத. இவளை எடுக்குறவங்க எல்லாம் அந்தப் பிடிக்காகத்தான் எடுக்குறாங்க. அதைப் புடுங்கிட்டா இவ வெறும் இரும்புக்கடை."

இருக்கட்டும், இரும்புக்கடையாவே இருக்கட்டும்னுதான் அக்கா நினைச்சா. அன்னைக்கு வீட்டுக்குப் போற வரைக்கும்.

வீடு டயர் கடைக்கு மேல ரெண்டு ரூம். படியேறும்போதே தம்பி விசில் அடிக்கிறது கேட்டுச்சு. அவன் விசிலடிச்சு ரொம்ப நாளாச்சு. உள்ள போனா, கூண்டுல ஏறும்போது போடுற பூட்ஸை எடுத்து வெச்சு, பிரஷைப் பிடிச்ச கையை இன்னொரு கையால தாங்கிக்கிட்டே பாலிஷ் போட்டுட்டிருந்தான்.

"ஃபோர்மேன் ஒத்துக்கிட்டாருக்கா! அடுத்த வாரம் டெஸ்ட். மேல ஏறி ஒரு பெட்டி எடுத்து வெச்சுக் காட்டினா போதும், மறுபடியும் கூண்டுதான்."

அக்கா தோள்ல இருந்த பையைக் கூட இறக்கல. "டாக்டர்கிட்ட கேட்டியா?"

"அவரைக் கேட்டா அவரு பொழப்புதானே சொல்லுவாரு. நான் ஃபோர்மேன்கிட்ட ஃபோனை நீட்டினேன். அண்ணே, இந்த ரேங்கைப் பாருங்க, கை போனவன் வாங்குற ரேங்கா இதுன்னேன். மனுஷன் அசந்து போயிட்டாரு."

"ஆட்டம் வேற, கிரேன் வேறடா. கீழ ஆளுங்க நிப்பாங்க."

"கீழ ஆளு நிக்காம கிரேன் என்னைக்குக்கா ஓடியிருக்கு?"

"சட்டை பட்டனையே நான்தான் போட்டு விடறேன். நேத்து டம்ளரைக் கீழ போட்டே."

"டம்ளருக்குப் பிடி கிடையாது, அதான் போட்டேன்." அவனுக்கே சிரிப்பு வந்துடுச்சு. "சில நாள் மக்கர் பண்ணும், ஒத்துக்கறேன். ஆனா வாய் பொய் சொல்லும், டாக்டர் பொய் சொல்லுவான், கை பொய் சொல்லாதுக்கா. எனக்குக் கை சொன்னாத்தான் சேதி."

அப்பவே சொல்லியிருக்கணும். நான்தான்டா விரிச்சேன், உன் கை ஜெயிக்கலடான்னு சொல்லியிருக்கணும். அவன் பூட்ஸைத் தூக்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டிருந்தான். சொல்லல.

சில நாள் மக்கர் பண்ணும்னானே, அதுதான் அவளைத் தின்னுச்சு. டெஸ்ட் அன்னைக்குக் கை நல்லா இருந்துட்டா? ஃபோர்மேனுக்கு அவன் மேல பாசம் வேற. ஒரு பெட்டியை ஒழுங்கா வெச்சிடுவான், மேல ஏத்தி விட்டுடுவாங்க. அப்புறம் ஒருநாள், கீழ யாரோ ஒருத்தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு திரும்பி நிக்கிற நேரத்துல, பெட்டி ஆடிக்கிட்டே வரும்.

மறுநாள் அவ தானா அடிக்கிற ஆமைக்காரியை அழிச்சா. பிடியைப் பழைய அளவுக்கு, முதமுதல்ல எழுதின அளவுக்கு இறுக்கினா. தராசு பாத்துட்டு "இதுதான் நியாயம்"னாரு. கை சொன்னாத்தானே கேப்பான், கையே சொல்லட்டும்னு அவ நினைச்சா. வாயைத் திறக்கத் துப்பில்லாதவ வேலையை ஆமைக்காரி தலையில கட்டினதாவும் சொல்லலாம்.

அப்டேட் வந்தது ஒரு காலை நேரத்துல. அக்கா தலைவலின்னு லீவு சொல்லிட்டு வீட்டுலயே இருந்தா. தம்பிக்கு அன்னைக்கு மதியத்துக்கு மேலதான் வேலை.

"என்னக்கா, ஆபீஸ்ல துரத்தி விட்டுட்டாங்களா?"

"ஆமா, நாளையிலேர்ந்து உன்கூட வாசல்ல உக்காந்து நம்பர் பாக்கப் போறேன்."

"இடம் இல்ல. எனக்கே அங்க இன்னும் கொஞ்ச நாள்தான்." ஜன்னல் ஓரமா சாஞ்சுக்கிட்டு ஆட்டத்தைத் திறந்தான். என்ன மாத்தியிருக்காங்கன்னு வர்ற அறிவிப்பை வழக்கம் போலப் படிக்காம தள்ளி விட்டான். கீழ கடையில காத்து அடிக்கிற சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு.

முதல் பிடி காத்துல போச்சு. "ச்சே"ன்னு விரலைச் சட்டையில துடைச்சுக்கிட்டான். ரெண்டாவதும் போச்சு. அதுக்கப்புறமும் போச்சு. ஆமைக்காரியோட இயந்திரம் உடைஞ்சு, அவ கீழ குதிச்சு, கையில ஒரு சின்னத் துப்பாக்கியை வெச்சுக்கிட்டு ஓடினா. கூட ஆடுறவங்க எழுத ஆரம்பிச்சாங்க. கொக்கி அண்ணே, தூக்கமா? கையில என்ன வெண்ணெயா? அடுத்தவன் எழுதினான், யாரோ கொக்கியோட ஃபோனைத் திருடிட்டு ஆடுறான்டா.

தோத்தாங்க. தம்பி ஃபோனைத் திருப்பித் தட்டிப் பாத்தான். "ஃபோன்ல ஏதோ கோளாறு. உன்னுதைக் குடு."

அக்கா குடுத்தா. அதுல அவன் பேருல நுழைஞ்சு மறுபடியும் ஆடினான். அதே கதை. கொஞ்ச நேரம் கையைக் கீழ தொங்கப் போட்டு உதறினான். மறுபடியும் பிடிச்சான். உதடு மட்டும் அசையுது. போ, போ, இருன்னு கிரேனுக்குச் சொல்ற மாதிரி அந்த இயந்திரக் கைக்குச் சொல்றான். இயந்திரக் கை நேரா வந்து நின்னுச்சு. அவன் விரல் எழும்பல. அது எழும்பினப்போ எதிராளி போயிட்டான்.

ஃபோனை மடியில வெச்சான். வலது கையை இடது கையால எடுத்து, கடையில வாங்கப் போற பொருளைப் பாக்குற மாதிரி திருப்பிப் பாத்தான்.

"அக்கா. நேத்து இருந்துச்சுக்கா."

அக்கா எழுந்து வந்தா.

"நேத்து சாயங்காலம் கூட ஜெயிச்சேன். ஒரே ராத்திரியில எப்படிக்கா போகும்? எல்லாம் போயிடுச்சா? அப்போ நாளைக்கு... நாளைக்கு மூச்சும் இப்படித்தான் நிக்குமா?"

அவன் முகத்தை அவ அப்படிப் பாத்ததே இல்ல. கிரேன் மேல நின்னு காத்துல ஆடினவன் முகம் இல்ல அது. கை உண்மையைச் சொல்லும்னுதானே அவ கணக்குப் போட்டா? கை சொன்ன உண்மை அவனுக்கு வேற மாதிரி கேட்டுடுச்சு. வியாதி ஒரே தாவா தாவி நெஞ்சு மேல ஏறி உக்காந்துடுச்சுன்னு கேட்டுடுச்சு.

"இல்லடா. ஒரே ராத்திரியில போகல. பிடியை இன்னைக்கு இறுக்கிட்டோம்."

"யாரு?"

"நான்."

அவன் பெருமூச்சு விட்டான். உடம்பெல்லாம் தளர்ந்து, சிரிப்பு கூட வந்துடுச்சு. "அடிப்பாவி. உயிரே போச்சு எனக்கு. இறுக்கினா சொல்ல வேண்டாமா? சரி விடு, எத்தனையோ தடவை மாத்தியிருக்கீங்க, பழகிடுவேன்."

"பழைய அளவுதான்டா இது. நான் முதல்ல எழுதின அளவு. நீ சொல்லச் சொல்ல எழுதின அளவு."

சிரிப்பு அப்படியே முகத்துல நின்னுச்சு, இறங்க வழி தெரியாத மாதிரி. "அப்போ நேத்து வரைக்கும் இருந்தது?"

"நான் விரிச்சது."

"எப்போலேர்ந்து?"

"நீ ஃபோனை வீசினே பாரு. அதுலேர்ந்து."

அவன் யோசிச்சான். அவன் பின்னாடி பின்னாடி போறது அவளுக்குத் தெரிஞ்சுது. ஜெயிச்ச ஆட்டம் ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்குறான்.

"மழையில கரண்டு போய், படியில உக்காந்து ஆடி ஜெயிச்சேனே. அது?"

"அதுவும்."

"மேல் ரேங்க் வாங்கினப்போ நீ கேக் வாங்கிட்டு வந்தியே. அது?"

"தம்பி..."

"கேக்கை எப்படிக்கா தின்னே நீ?"

அக்காவுக்கு அழுகை வரல. வந்திருந்தா எதையாவது மறைச்சிருக்கும்.

"என் கை எவ்வளவு போயிருக்குன்னு உனக்குத் தெரியும்" அவன் மெதுவா சொன்னான். "எனக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே, ஒவ்வொரு தடவையும் உனக்குத் தெரியும். என் கையைப் பத்தி எனக்குத்தான் கடைசியா சேதி வருது. ஊரே சிரிக்கிற மாதிரி நான் ஃபோர்மேன்கிட்ட ஃபோனை நீட்டினேன்."

"நீ சிரிச்சேடா. அன்னைக்கு நீ சிரிச்சே, அதான்..."

"சிரிச்சேன். ஆமா."

கீழ கடையில யாரோ இரும்பைக் கீழ போட்டாங்க. அவன் தன்னோட ஃபோனை எடுத்து நம்பர் தேடினான். விரல் வேற பேருல போய் விழுந்துச்சு. மறுபடியும் வேற பேரு. அப்புறம் ஃபோனை அவகிட்ட நீட்டினான். "ஃபோர்மேனுக்குப் போட்டுக் குடு."

போட்டுக் குடுத்தா.

"அண்ணே, கொக்கி பேசறேன். ஆங், சாப்டாச்சு. இல்லண்ணே, அந்த டெஸ்டுக்கு நான் வரல." குரல்ல ஒரு கீறல் கூட இல்ல. "அட, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. மேல ஏறி ஏறி அலுத்துப் போச்சுண்ணே, கீழயே காத்து ஜம்முன்னு வருது. புதுசா சேந்தானே நம்ம சின்னவன், அவனை ஏத்தி விடுங்க, பெட்டி ஆடும்போது அவசரப்படாம இருந்தா நல்லா வருவான். நீங்க இவ்வளவு பண்ணீங்களே, அதுவே... சரிண்ணே. சரி. வெச்சிடறேன்."

ஃபோனை ஜன்னல் திட்டுல வெச்சான். அக்கா பக்கத்துல உக்காந்தா. அவன் கீழ ஒருத்தன் மேலயும் பெட்டியைப் போடப் போறதில்ல. அவ கேட்டது கிடைச்சாச்சு.

"வேணும்னா"ன்னு ஆரம்பிச்சா. "தானா அடிக்கிற மாதிரி ஒண்ணு எழுதி வெச்சிருந்தேன். அழிச்சுட்டேன், ஆனா திரும்ப எழுதலாம். சும்மா விரலை வெச்சா போதும்..."

"அப்போ ஆடுறது யாரு?"

அக்கா கண்ணு அவன் மடிக்குப் போச்சு.

அவ ஃபோன்ல ஆட்டம் இன்னும் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. ஆமைக்காரி நடு மைதானத்துல தடி மாதிரி நின்னுட்டிருந்தா. மத்த நாலு பேரும் அவளுக்காகக் கத்திக்கிட்டிருந்தாங்க.

"பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க"ன்னான் தம்பி. "எடு. நீ ஆடு."

"வேணாம்டா."

"ஆடுக்கா. நடுவுல விட்டா மத்தவன் ரேங்கும் போகும்."

எடுத்தா. விரலை அழுத்திப் பிடிச்சா. இயந்திரத்தோட கை ஆடி நேரா வந்துச்சு, எடுத்தா. எதிராளி சுருண்டு விழுந்தான். வேணும்னே அடுத்ததைத் தப்ப விடப் பாத்தா. அவ எழுதின பிடி அது, அவ விரலுக்குத் தப்ப விடத் தெரியல. அடுத்ததும் விழுந்துச்சு. அந்த நாலு பேரும் குதிக்க ஆரம்பிச்சாங்க. வந்துட்டான்டா கொக்கி, இதுதான்டா கொக்கி.

ஜெயிச்சுட்டாங்க. நிமிந்து பாத்தா, தம்பி திரையைப் பாக்கல. அவ கட்டைவிரலைப் பாத்துட்டிருந்தான். கோவமா பாத்திருந்தாக்கூடத் தாங்கியிருப்பா. துறைமுகத்துல வேற ஒருத்தன் கிரேன் ஓட்டுறதைக் கீழ நின்னு பாக்குற மாதிரி பாத்துட்டிருந்தான்.

"நல்லா இருக்குக்கா உன் கை" அப்படின்னான்.

அவ ஃபோனைக் கவுத்து வைக்கப் போனா.

"இரு. இன்னொரு ஆட்டம் போடு."

போட்டா.